‘தி வெஸ்ட் விங்’ பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதல் தடவை இந்தத் தொடரைப் போட்டபோது பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். நாலு பேர் நடந்துகொண்டே பேசுகிறார்கள். நாலு பேரும் நாலு விஷயம் பேசுகிறார்கள். யாரும் எதையும் விளக்குவதில்லை. முன்பின் தெரியாத கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு வருடம் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் வேறு வழியில்லாமல் மறுபடி போட்டேன். அதற்குப் பிறகு முழுத் தொடரையும் மூன்று தடவை பார்த்தாயிற்று.

அந்த முதல் பதினைந்து நிமிடத்தில் உங்களில் பலர் கழன்றுகொள்வீர்கள் என்று தெரியும். அதற்காகத்தான் இது. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் எழுதப் பார்த்திருக்கிறேன். ஓரிரண்டு காட்சிகளை மட்டும் ஆசைக்காகச் சொல்லிவிடுவேன்.

அடிப்படைத் தகவல்கள் கொஞ்சம். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1999 செப்டம்பரில் தொடங்கி 2006 மே வரை ஓடியது. ஏழு சீசன், 150-க்கும் மேற்பட்ட எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 நிமிடம். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை 2000 முதல் 2003 வரை தொடர்ந்து நாலு வருடம் வாங்கியது. உருவாக்கியவர் ஆரன் சார்கின். முதல் நாலு சீசனில் பெரும்பாலான எபிசோடுகளை எழுதியவரும் அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில், இதை ஆபீஸ் கதையாகப் பாருங்கள்

அமெரிக்க அரசியல் தெரியாமல் எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெஸ்ட் விங் என்பது வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதி. அதிபரும் அவருடைய ஆட்களும் வேலை செய்யும் இடம். இந்தத் தொடர் அந்த ஆபீஸைப் பற்றியது. விடிவதற்கு முன்னால் வருகிறார்கள், நள்ளிரவில் போகிறார்கள், நடுவில் சாப்பாடு ஆறிப்போகிறது, கல்யாணம் முறிகிறது, நாளைக்குப் பேச வேண்டிய உரையில் ஒரு வாக்கியம் சரியாக வரமாட்டேன் என்கிறது. அரசியல் அவர்கள் பார்க்கும் வேலை. மருத்துவமனைத் தொடரில் நோயின் பெயர் புரியாமலே நாம் பதறுவதில்லையா, அதே மாதிரிதான் இங்கே மசோதாவின் பெயரும்.

ஆகவே முதல் எபிசோடில் என்ன பிரச்சினை ஓடுகிறது என்று பிடிக்க முயலாதீர்கள். ஆட்கள் எப்படி அறிமுகம் ஆகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். லியோ வீட்டில் காலை உணவோடு குறுக்கெழுத்துப் போட்டிருக்கிறார். கடாஃபியின் பெயருக்கு எழுத்துப்பிழை வைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்கே போன் போடுகிறார். டோபி விமானத்தில் லேப்டாப்பை மூடச் சொல்லும் பணிப்பெண்ணோடு வாதாடுகிறார். ஜாஷ் ஆபீஸ் மேஜையிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார். சி.ஜே. டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே ஒருவரிடம் அசடு வழிந்துகொண்டிருக்கையில் பேஜர் அடிக்கிறது, தடுமாறி விழுகிறார். எல்லோருக்கும் வந்த செய்தி ஒன்றே: அதிபர் சைக்கிளை மரத்தில் மோதிவிட்டார். அந்த அதிபரோ எபிசோட் முடியப் போகும் நேரத்தில்தான் முதன்முதலாக உள்ளே வருகிறார். அது வரைக்கும் பொறுத்துப் பாருங்கள். அந்த நுழைவுக்குக் கைதட்டாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதிபர் ஜோசையா பார்ட்லெட்டாக நடித்த மார்ட்டின் ஷீனை முதலில் எப்போதாவது வந்துபோகும் ஆளாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். கதை ஊழியர்களுடையது என்பதுதான் முதல் யோசனை. மனிதர் வந்து நின்ற பிறகு யாரால் வெளியே அனுப்ப முடியும்?

யார் யார்

முதல் மூன்று எபிசோடுக்கு இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

லியோ மெக்கேரி (ஜான் ஸ்பென்சர்) சீஃப் ஆஃப் ஸ்டாஃப். அதிபரின் அறைக்குள் யார் போகலாம், அவர் மேஜைக்கு எந்தக் காகிதம் போகலாம் என்பதெல்லாம் இவர் கையில். அதிபருக்குப் பழைய நண்பரும்கூட. ஜாஷ் லைமன் (பிராட்லி விட்ஃபோர்ட்) இவருக்குத் துணை. மசோதாக்களுக்கு ஓட்டு எண்ணுவது, நாடாளுமன்ற உறுப்பினர்களை மடக்குவது இவர் வேலை. டோபி சீக்லர் (ரிச்சர்ட் ஷிஃப்) தகவல் தொடர்புத் தலைவர், அதாவது அதிபர் வாயிலிருந்து வரும் சொற்களுக்குப் பொறுப்பாளி. சிரிக்கவே மாட்டார்; கையில் ஒரு ரப்பர் பந்து. சாம் சீபோர்ன் (ராப் லோ) டோபிக்குத் துணை. சி.ஜே. கிரெக் (அலிசன் ஜானி) பிரஸ் செக்ரட்டரி, தினமும் நிருபர்கள் முன்னால் நிற்கிறவர். டோனா (ஜனெல் மலோனி) ஜாஷின் உதவியாளர். சார்லி (டூலே ஹில்) அதிபரின் தனி உதவியாளர். மூன்றாவது எபிசோடில்தான் வருகிறார். அதிபரின் அறை வாசலில் உட்கார்ந்து அவரையே அதட்டும் வயதான செயலாளர் திருமதி லேண்டிங்ஹாம்.

முதல் சீசனில் மாண்டி என்று ஒருவர் வருவார். அவரை ரொம்ப மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது சீசனில் ஆளே இருக்கமாட்டார், எங்கே போனார் என்று ஒரு வரிகூட யாரும் சொல்லமாட்டார்கள். கதையிலிருந்து காரணமில்லாமல் காணாமல் போகிறவர்கள் எல்லோரும் ‘மாண்டிவில்’ என்ற ஊரில் குடியிருக்கிறார்கள் என்று ரசிகர்கள் கிண்டலடிப்பதுண்டு.

தெரிந்துகொள்ள வேண்டிய அரசியல் இவ்வளவுதான்

இந்தத் தொடரில் ‘காங்கிரஸ்’ என்றால் கட்சி கிடையாது, அவர்களுடைய நாடாளுமன்றம். இதைச் சொல்லாமல் என் சித்தப்பாவை உட்காரவைத்துவிட்டேன். அரை மணி நேரம் அதிபர் எதிர்க்கட்சியோடு சண்டை போடுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பாதி உண்மை என்றும் சொல்லலாம்.

காங்கிரஸுக்கு இரண்டு சபை. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். அதிபர் இதில் எதிலும் உறுப்பினர் இல்லை, அமைச்சர்களும் இல்லை. நம்மூரில் பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழும், அங்கே கவிழாது. இரண்டு சபையும் எதிர்க்கட்சி கையில் இருந்தாலும் அதிபர் நாலு வருடம் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நினைத்த சட்டத்தை நிறைவேற்ற முடியாது. இந்தத் தொடரின் எரிச்சல், தந்திரம், கெஞ்சல் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. பார்ட்லெட் ஜனநாயகக் கட்சி. காங்கிரஸில் கை ஓங்கியிருப்பது குடியரசுக் கட்சி.

லியோ, டோபி, சி.ஜே. யாரும் தேர்வெழுதி வந்த அதிகாரிகள் கிடையாது. அதிபர் கூட்டி வந்த ஆட்கள். அவர் போனால் இவர்களும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று. நிஜ அமெரிக்காவில் அதிபர் தேர்தல் 2000, 2004 என்று வரும். இந்தத் தொடரில் 1998, 2002, 2006. இரண்டு வருடம் தள்ளி ஓடும் வேறொரு அமெரிக்கா இது. புஷ் எங்கே, கிளின்டன் எங்கே என்று தேடாதீர்கள்.

மற்றதெல்லாம் தொடரே சொல்லித்தரும், அதுவும் வெட்கமில்லாமல். தெரியாத ஒருவர் தெரிந்த ஒருவரிடம் கேட்பார். நாமும் கூட நின்று கேட்டுக்கொள்ளலாம். செனட்டில் ஒரு உறுப்பினர் உட்காராமல் பேசிக்கொண்டே இருந்து மசோதாவை முடக்கலாம் என்ற விதியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு ஏற்றவில்லை. வயதான ஒரு செனட்டர் வெள்ளிக்கிழமை இரவில் சமையல் குறிப்பு வாசித்துக்கொண்டே நிற்பதை இரண்டாவது சீசனில் பார்த்தபோது ஏறிவிட்டது.

சோதனைக்கு நாலு எபிசோடு

முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பதுதான் முறை. ஆனால் முதல் சீசனின் இந்த நாலு எபிசோடும் உங்களைப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

ஒன்று முதல் எபிசோடு. அடுத்தது நாலாவது, ‘ஃபைவ் வோட்ஸ் டவுன்’. துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவுக்கு ஐந்து ஓட்டு குறைகிறது. விருந்து மண்டபத்திலிருந்து வெளியேறி, படிக்கட்டு, சமையல்கட்டு என்று பின்வழியெல்லாம் கேமரா வெட்டாமல் கூடவே நடக்கிறது. இந்தத் தொடர் என்றதும் எல்லோரும் சொல்லும் ‘நடந்துகொண்டே பேசுவது’ இதுதான். இயக்குநர் தாமஸ் ஷ்லாமியின் கைவரிசை. பேசுகிறவர்கள் நடக்காமல் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு புள்ளிவிவரத்தை யார் கேட்பார்கள்?

ஆறாவது, ‘மிஸ்டர் வில்லிஸ் ஆஃப் ஓஹையோ’. விஷயம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆளை ஆளாக எண்ணுவதா, மாதிரி எடுத்துக் கணக்கிடுவதா? கேட்டாலே கொட்டாவி வருகிறதல்லவா? சி.ஜே.வுக்கும் அப்படித்தான். கணக்கெடுப்பைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாமிடம் ஒப்புக்கொண்டு பாடம் கேட்கிறார். பக்கத்து அறையில் டோபி மூன்று உறுப்பினர்களை மடக்க உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் ஒருவர் வில்லிஸ். மனைவி இறந்துபோனதால் அவருடைய இடத்துக்கு வந்த பள்ளி ஆசிரியர், கறுப்பினத்தவர். அரசியல் சாசனத்தில் எண்ணுவதைப் பற்றிய வரியை வாசித்துக்காட்டி எதிர்த்தரப்பு வாதாடுகிறது. அந்த வரியில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை டோபி எடுத்துச் சொல்கிறார்: அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்ன துண்டு. அறை ஒரு கணம் அடங்குகிறது. வில்லிஸ் மனதை மாற்றிக்கொள்கிறார். ஏன் மாறினீர்கள் என்று டோபி கேட்கிறார். வாதம் நன்றாக இருந்தது, அதனால்தான் என்கிறார் வில்லிஸ். ஒருவர் வாதத்தைக் கேட்டு மனம் மாறுவதைப் பார்த்து டோபிக்கே பேச்சு வரவில்லை. எனக்கு இந்தத் தொடர் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

பத்தாவது, ‘இன் எக்ஸெல்சிஸ் டியோ’. கிறிஸ்துமஸ் சமயம். வீடற்ற ஒருவர் குளிரில் பெஞ்சில் இறந்துகிடக்கிறார். அவர் போட்டிருக்கும் கோட்டில் டோபியின் விசிட்டிங் கார்டு இருக்கிறது. டோபி எப்போதோ தானமாகப் போட்ட கோட்டு. இறந்தவர் கொரியப் போரில் சண்டையிட்டவர் என்று தெரிகிறது. யாரிடமும் கேட்காமல், அதிபர் பெயரைச் சொல்லி, ராணுவ மரியாதையுடன் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறார் டோபி. பிறகு அதிபர் கூப்பிட்டுக் கேட்கிறார்: இப்படிச் செய்தால் வீடில்லாத முன்னாள் வீரர்கள் எல்லோரும் கிளம்பி வந்துவிட மாட்டார்களா? வரட்டும் என்றுதான் நம்புகிறேன் என்கிற அர்த்தத்தில் டோபி ஒரு பதில் சொல்வார். அதைச் சொல்லும்போது ஷிஃபின் முகத்தைப் பாருங்கள், குரலை உயர்த்தக்கூட மாட்டார். எழுத்துக்காக எம்மி வாங்கிய எபிசோடு இது. கைக்குட்டையோடு உட்காருங்கள்.

பதினோராவது எபிசோடுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்

கைக்குட்டையை மடித்து வைத்த கையோடு அடுத்த எபிசோடு கோபத்தைக் கிளப்பும். இந்தியப் படை பாகிஸ்தான் வசமிருக்கும் காஷ்மீருக்குள் நுழைந்துவிடுகிறது. அணு ஆயுதப் போர் வருமோ என்று வாஷிங்டன் நடுங்குகிறது. இது ஒளிபரப்பானது 2000 ஜனவரியில். கார்கில் முடிந்து அரை வருடம்கூட ஆகவில்லை. அங்கே எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தது எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். இவர்கள் திசையை மாற்றி எழுதிவிட்டார்கள். போதாதற்கு, இந்தியாவை அமெரிக்கர்களுக்கு விளக்க ஒரு பிரிட்டிஷ் பிரபு! மார்பரி என்று பெயர், லியோவை ‘ஜெரால்ட்’ என்றே கூப்பிடுவார். நடிகர் ரோஜர் ரீஸ் அமர்க்களப்படுத்துகிறார் என்பதால் சிரித்துவிட்டேன், சிரித்ததற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

நமக்குத் தெரிந்த விஷயத்தில் இவ்வளவு மேலோட்டம் என்றால், நமக்குத் தெரியாத நாடுகளைப் பற்றி இவர்கள் சொல்வதையும் அதே சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். உள்நாட்டு விஷயத்தில் கெட்டிக்காரத் தொடர். கடல் தாண்டினால் தடுமாறும். பெண் பாத்திரங்களிடமும் ஒரு குறை உண்டு: முதல் சீசன்களில் டோனா பெரும்பாலும் ஜாஷ் விளக்கம் சொல்வதற்காகவே கேள்வி கேட்கிறார். போகப்போகச் சரியாகும்.

எப்படிப் பார்ப்பது

சப்டைட்டில் கட்டாயம். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவர்கள் பேசும் வேகத்துக்குக் காது மட்டும் போதாது.

புரியாத சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி போனில் தேடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் யாராவது விளக்கிவிடுவார்கள். தேடினால் வேறு ஆபத்தும் உண்டு. பாத்திரத்தின் பெயரைத் தட்டினாலே அந்த ஆளுக்கு எந்த சீசனில் என்ன ஆகிறது என்று தேடுபொறி முதல் வரியில் போட்டு உடைத்துவிடும். யூடியூபில் ஒரு காட்சியைப் பார்த்தால் பக்கத்திலேயே இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சி வந்து நிற்கும். தொடர் முடியும் வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

போனை நோண்டிக்கொண்டே பார்க்கிற தொடரும் இது இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. விதிவிலக்கு ஒன்றே: முதல் சீசனின் கடைசி எபிசோடைப் பார்த்தால், இரண்டாவது சீசனின் முதல் இரண்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கம் வராது.

இரண்டாவது சீசன்: இங்கே நிதானம்

இவ்வளவு தூரம் வந்துவிட்டால் உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. இரண்டாவது சீசன் தொலைக்காட்சியில் எழுதப்பட்டவற்றிலேயே ஆகச் சிறந்தவற்றில் ஒன்று என்பது என் கட்சி. அதிபர் எல்லோரிடமும் மறைத்துவைத்திருக்கும் ஒரு விஷயம் மெல்ல மெல்லக் கசிகிறது. ‘செவன்டீன் பீப்பிள்’ எபிசோடில் அது டோபிக்குத் தெரியவரும். சண்டையில்லை, துரத்தலில்லை, ஓர் அறையில் மூன்று பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் டோபி இரவு பகலாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே யோசிப்பார். அந்தச் சத்தத்தை மறக்க முடியாது.

‘நோயல்’ எபிசோடின் முடிவில் குழியில் விழுந்த ஒருவனைப் பற்றி லியோ ஒரு குட்டிக்கதை சொல்வார். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் குழிக்குள் போட்டுவிட்டுப் போகிறார், பாதிரியார் ஜெபம் எழுதிப் போட்டுவிட்டுப் போகிறார், நண்பன் மட்டும் தானும் குழிக்குள் குதிக்கிறான். ஏன் குதித்தான் என்பதை லியோ வாயாலேயே கேளுங்கள்.

சீரியஸாகவே போய்க்கொண்டிருக்கும் என்று பயப்படவும் வேண்டாம். நிலவரைபடம் வரைபவர்கள் சிலர் சி.ஜே.விடம் வந்து, பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படம் ஆப்பிரிக்காவைச் சிறிதாகவும் ஐரோப்பாவைப் பெரிதாகவும் காட்டுகிறது என்று நிரூபிப்பார்கள். பிறகு தெற்கு மேலே வரும்படி தலைகீழான படத்தைக் காட்டுவார்கள். சி.ஜே. அரண்டுபோவார். அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்பார். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, தலை சுற்றுகிறது என்பதைத் தவிர.

‘டூ கதீட்ரல்ஸ்’ இந்த சீசனின் கடைசி எபிசோடு. அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

தாண்டிப் போகவேண்டிய ஒன்று

மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் ‘ஐசக் அண்ட் இஷ்மயெல்’ என்று ஒரு சிறப்பு எபிசோடு இருக்கும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று வாரத்தில் எழுதி, எடுத்து, அக்டோபர் 3-ஆம் தேதி ஒளிபரப்பினார்கள். கதையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. இரண்டாவது சீசன் உங்களை விட்ட இடத்திலிருந்து நேரே கதைக்குள் போங்கள். இதை எப்போதாவது தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பெடுக்கிற மாதிரி இருக்கும்.

சமையல்காரர் மாறும் இடம்

நாலாவது சீசன் முடிந்ததும் சார்கினும் ஷ்லாமியும் விலகிவிட்டார்கள். தயாரிப்பாளர் ஜான் வெல்ஸ் பொறுப்பெடுத்தார். ஐந்தாவது சீசனில் அதே அடுப்பு, அதே பாத்திரம், கை மட்டும் வேறு. நகைச்சுவை குறைந்து வெளிச்சம்கூட மங்கலாகத் தெரியும். பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அவசரப்படாதீர்கள். ஐந்தாவது சீசன் இழுத்தால் வேகமாக ஓட்டுங்கள், ஆனால் ‘தி சுப்ரீம்ஸ்’ எபிசோடை விடாதீர்கள். உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதி தேடும் கதை; க்ளென் க்ளோஸ் வருகிறார். எதிரெதிர் கருத்துள்ள இரண்டு நீதிபதிகள் ஓர் அறையில் ஆனந்தமாக வாதாடுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கும் சுகம் அதில் இருக்கிறது.

ஆறாவது சீசனின் நடுவிலிருந்து தொடர் புது உயிர் பெறுகிறது. அடுத்த அதிபர் யார் என்ற போட்டி. ஒரு பக்கம் மேட் சான்டோஸ் (ஜிம்மி ஸ்மிட்ஸ்), லத்தீன் வம்சாவளி, இளைஞர். எதிரே குடியரசுக் கட்சியின் ஆர்னால்ட் வினிக் (ஆலன் ஆல்டா), கட்சி சொல்வதற்கெல்லாம் தலையாட்டாத மூத்த செனட்டர். சான்டோஸ் பாத்திரத்துக்காக எழுத்தாளர் ஈலை ஆட்டி 2004-இல் தேர்தல் ஆலோசகர் டேவிட் ஆக்ஸெல்ராடிடம் போனில் விசாரித்தார். ஆக்ஸெல்ராட் அப்போது யாருக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? செனட் தேர்தலில் நின்ற பராக் ஒபாமாவுக்கு. நாலு வருடம் கழித்து, 2008 அதிபர் தேர்தலில் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் மெக்கெய்னும் மோதியபோது தொடர் பார்த்திருந்தவர்களுக்கு மறுஒளிபரப்பு பார்ப்பது போல இருந்தது.

ஏழாவது சீசனில் இந்த இருவரின் விவாதம் ஒரு முழு எபிசோடு. 2005 நவம்பர் 6 அன்று அதை நேரலையாகவே நடித்தார்கள், அதுவும் அமெரிக்காவின் கிழக்குக்கு ஒரு தடவை, மேற்குக்கு ஒரு தடவை. நடிகர்கள் ஆங்காங்கே தடுக்கி விழுவது தெரியும். நிஜ விவாதத்திலும் தடுக்கத்தானே செய்கிறார்கள்.

அந்த டிசம்பர் 16-ஆம் தேதி ஜான் ஸ்பென்சர் மாரடைப்பில் இறந்துபோனார். படப்பிடிப்பு அப்போது முடிந்திருக்கவில்லை. மிச்சமிருந்த எபிசோடுகளில் அவருடைய சாவின் நிழல் விழுந்திருக்கிறது; சில காட்சிகளில் அவர்கள் லியோவுக்காக அழுகிறார்களா ஸ்பென்சருக்காகவா என்று பிரிக்க முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு

மூன்றாவது சீசனில் ‘ஹார்ட்ஸ்ஃபீல்ட்ஸ் லேண்டிங்’ என்று ஓர் எபிசோடு வரும். நியூ ஹாம்ப்ஷயரில் 42 ஓட்டு மட்டுமே உள்ள ஒரு குக்கிராமம் நள்ளிரவில் வாக்களிக்கும் கதை; நடுநடுவே அதிபர் ஒருவர் மாற்றி ஒருவரோடு செஸ் ஆடுகிறார். 2020 தேர்தலுக்கு முன்னால், மக்களை ஓட்டுப் போடச் சொல்லும் பிரச்சாரத்துக்காகப் பழைய நடிகர்கள் மறுபடி கூடி இதை ஒரு காலி அரங்கின் மேடையில் நடித்துப் பதிவு செய்தார்கள். ஏழு சீசனையும் முடித்த பிறகு மட்டும் இதைப் பாருங்கள். தலை நரைத்த ஜாஷ், டோபி, மெலிந்துபோன மார்ட்டின் ஷீன். வசனம் ஏறக்குறைய அதேதான், வேகமும் அப்படியே இருக்கிறது. லியோவாக ஸ்டெர்லிங் கே. பிரவுன் நிற்கிறார்.